சல்லடையில் ஒட்டிய கடல்

அந்த யோசனை வந்தபோது நான் நின்றபடியே பாதி தூங்கிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். களிமண்ணைச் சல்லடையில் போட்டு, குழாயை மெல்லத் திறந்து, கீழே ஓடுகிற தண்ணீர் தெளியும்வரை விரலால் தடவிக்கொண்டே நிற்க வேண்டும். அதுதான் என் வேலை. கட்டடம் கட்டப் போகிறவர்கள் நிலத்தில் துளை போட்டு, இரும்புக் குழாய்களில் மண்ணை எடுத்து அனுப்புவார்கள். அதில் களி எவ்வளவு, வண்டல் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று பிரித்து எழுதிக் கொடுப்போம். சிங்கப்பூரில், உபி என்ற பகுதியில், ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நான்காம் மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம். ஜன்னலைத் திறந்தால் கீழ்த்தளத்துக் கார் பட்டறையின் பெயின்ட் வாசனை, மூடினால் எங்கள் மண் வாசனை. பட்டம் வாங்கி இரண்டு வருடத்தில் இது எனக்கு மூன்றாவது வேலை.

அன்று சல்லடையில் மிஞ்சியது ஒரு சிட்டிகை. காயவைத்து, எடை போட்டு, எழுதிவிட்டுக் குப்பையில் தட்ட வேண்டும். நான் தட்டவில்லை. தூக்கம் கலைய ஏதாவது செய்ய வேண்டியிருந்தது, வேறு பெரிய காரணம் இல்லை. மூலையில் தூசி படிந்து ஒரு நுண்ணோக்கி கிடந்தது. அதன் அடியில் வைத்துக் கண்ணைக் கொடுத்தேன்.

மணல். உடைந்த கண்ணாடி போல மணல். அதற்கு நடுவில் ஒரு முறுக்கு.

உப்புத் தூளில் ஒரு துகள் அளவுகூட இருக்காது. வெள்ளை வெளேர் என்று, முதலில் ஒரு பொட்டு அறை, அதை ஒட்டி இன்னொன்று, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக அடுத்தது, இப்படியே சுற்றிச் சுற்றி வந்து கடைசி அறையின் வாயில் நின்றிருந்தது. தள்ளிப் பார்த்தால் இன்னொன்று, இது பூண்டுப் பல் மாதிரி. இன்னொன்று குடுவை மாதிரி. கழுவித் தள்ளும் சேற்றுக்குள் யாரோ உட்கார்ந்து பாத்திரக் கடை வைத்திருந்தது போல இருந்தது.

பேருந்தில் வீடு திரும்புவதற்குள் தேடிப் பிடித்துவிட்டேன். ஃபோராமினிஃபெரா. தமிழில் வாயில் நிற்கிற பெயர் எனக்குக் கிடைக்கவில்லை, ஃபோராம் என்றே சொல்கிறேன். ஒரே ஒரு செல்தான் அதன் உடம்பு முழுக்க. கண் இல்லை, மூளை இல்லை. ஆனால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும், வளர வளர அறை சேர்த்துக்கொண்டே போகும். செத்தால் ஓடு கடலடிச் சேற்றில் தங்கிவிடும். எத்தனையோ ஆயிரம் ஆண்டு கழித்துக் கடல் பின்வாங்கி, மேலே சாலை போட்டு, சாலை மேல் கடை வந்த பிறகும் ஓடு அங்கேயேதான் கிடக்கும்.

எங்கள் வீடு இருக்கும் ஆங் மோ கியோவில் இறங்கும்போது முழுசாக வந்துவிட்டது யோசனை. இவை கடலிலும், கடல் தண்ணீர் எட்டிப்பார்க்கும் சதுப்பிலும்தான் வாழும். அப்படியென்றால் இவை இருக்கிற மண் கடல் நின்ற மண். இந்தத் தீவில் தினமும் எங்கேயாவது துளை போடுகிறார்கள். அதில் ஒரு பங்கு எங்கள் தொட்டி வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு குழாயின் மிச்சத்தையும் பார்த்தால், நகரத்துக்கு அடியில் பழைய கடல் எதுவரை வந்தது என்று ஒரு கோடு போடலாம்! எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்றே ஒரு காகிதத்தில் வரைய ஆரம்பித்துவிட்டேன். இப்போது அந்தக் காகிதத்தைப் பார்த்தால் எனக்கு அசதியாக இருக்கிறது. அவ்வளவு தைரியமான கோடு.

முதலில் வேண்டியது ஒரு தூரிகை. நனைந்த நுனியால் ஒரே ஓட்டைத் தொட்டு எடுக்க வேண்டும், பக்கத்து மணல் வரக்கூடாது. ஓவியக் கடையில் இருந்ததெல்லாம் தடிமன். கடைசியில் சிராங்கூன் ரோட்டில் வளையலும் ஜிமிக்கியும் விற்கிற கடையில் கண்மை தீட்டும் தூரிகை கேட்டேன். கடைக்கார அக்கா நாலு எடுத்துப் போட்டார்.

"இதவிட மெல்லிசா இருக்காக்கா?"

"இதுக்கு மேல மெல்லிசுன்னா கொசுவுக்குத்தான் மை போடணும் லா."

ஐஸ்கிரீம் டப்பாவின் மூடிக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, ஊசியால் கட்டம் கீறினேன். மதியம் அரை மணி சாப்பாடு, அரை மணி ஓடு. ஆறு மணிக்கு எல்லாரும் போன பிறகு ஏழரை வரை ஓடு. ஒரு மண் மாதிரியில் முந்நூறு ஓடு எடுத்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்லலாம் என்பது இந்தத் துறையின் வழக்கம். முந்நூறு என்று வாயால் சொல்வது சுலபம். ஒவ்வொன்றையும் தொட்டு, தூக்கி, பசை தடவிய அட்டையில் சரியான கட்டத்தில் இறக்க வேண்டும். மூச்சை விட்டால் பறந்துவிடும். தும்மி ஒருநாள் மாலை முழுவதையும் இழந்திருக்கிறேன். கழுத்தில் ஒரு நரம்பு நிரந்தரமாகக் கோபித்துக்கொண்டது. எம்ஆர்டி ரயிலில் கண்ணை மூடினால் சுருள், திறந்தால் எதிர் இருக்கையில் இருப்பவரின் சட்டைப் பூவும் சுருள்.

"மண்ணு கழுவறதுக்கா இவ்ளோ படிச்சே?" என்றார் அம்மா, என் நகத்தைப் பார்த்து. சோற்றைப் பிசைந்துகொண்டே தூங்கினேன்.

இந்த நாட்களில் என்னோடு இதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு ஆள். துளை போடும் குழுவின் தலைவர். ராமநாதபுரம் பக்கம், என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை குழாய்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார். இரண்டு முனையிலும் மெழுகு அடைத்து, பக்கத்தில் இடமும் ஆழமும் எழுதியிருக்கும். அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நான் அவரை அண்ணே என்பேன். அவர் முதலில் மேடம் என்றார். ஒருநாள் நுண்ணோக்கியைக் காட்டினேன், அதிலிருந்து சிப்பி மேடம்.

"சிப்பி மேடம், இன்னைக்கு காலாங் மண்ணு. நாறுது பாருங்க, அழுகின முட்டை. உங்க ஆளுங்க கூட்டமா இருப்பாங்க."

"எத்தனை குழாய் அண்ணே?"

"ஆறு. ஒவ்வொண்ணையும் குழந்தை மாதிரி தூக்கிட்டு வந்திருக்கேன். நீங்க என்னடான்னா தண்ணியில கரைச்சு ஊத்தப் போறீங்க."

காலாங் மண்ணில் உண்மையிலேயே கூட்டம்தான். ஒரு சிட்டிகையில் எங்கு பார்த்தாலும் வெள்ளை ஓடு. அது பெரிய ஆச்சரியமும் இல்லை, காலாங் ஆறு கடலில் சேரும் இடம், அங்கே இருப்பது கடல்களி என்பது எல்லாருக்கும் தெரியும். கோடு போட எனக்கு வேண்டியது ஓரம். கடல் கடைசியாக எங்கே நின்றது?

அந்த ஓரம்தான் கிடைத்துவிட்டது என்று ஒருநாள் நினைத்தேன்.

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் பழைய கடைவீட்டை இடித்துச் சின்ன ஹோட்டல் கட்டுகிறார்கள். நிலத்துக்கடியில் ஒரு தளம். அதற்காக நாலு துளை போட்டார்கள், போட்டது இதே அண்ணன்தான். துளைக் குறிப்பில் 'ஆற்று வண்டல், மக்கிய இலை' என்று எழுதியிருந்தார். கடல் என்ற பேச்சே இல்லை. அந்தக் குழாய்களில் ஒன்றைக் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை வெட்டிய முனையிலும் மெழுகு அடைத்து ஸ்டோரில் வைத்துவிட்டு, மறு பாதியை நான் கழுவினேன். சிட்டிகையைக் கறுப்புத் தட்டில் கொட்டி, கட்டம் கட்டமாக நகர்ந்தேன். வெறும் மணல், வெறும் மணல், மரத்துணுக்கு, வெறும் மணல். ஒன்பதாவது கட்டத்தில் வெள்ளையாக ஒரு சுருள்.

எழுந்து கை கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். இருந்தது. அன்று மாலைக்குள் இருபத்து மூன்று எடுத்தேன்.

பூக்கடையும் நகைக்கடையும் நெரிசலும் உள்ள அந்த இடத்துக்கு அடியில் கடல் வந்திருக்கிறது, யாரும் எழுதவில்லை, நான் பார்த்துவிட்டேன்! அந்த வேகத்தில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். ஆய்வுத்தாளில் குறிப்புகள் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் சாதாரணமாக யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். 'கடல் நுண்ணுயிர் ஓடுகள் உள்ளன' என்று எழுதி, அடிக்கோடும் போட்டு அனுப்பினேன். மண்ணின் நிறமும் வாசனையும் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தேன். அதற்கெல்லாம் அன்று பொறுமை இல்லை.

இரண்டு வாரம் கழித்து எங்கள் எஞ்சினியர் சார் கூப்பிட்டார். கோயம்புத்தூரிலிருந்து வந்து பத்து வருடமாக இங்கே இருக்கிறவர். கோபப்பட்டுப் பார்த்ததில்லை. அவர் கண்ணுக்கடியில் எப்போதும் கறுப்பு, எப்போதும் ஏதோ ஒரு தொலைபேசிக்குக் காத்திருக்கிற முகம்.

"இந்த ரிமார்க்ஸ் நீங்க எழுதினதா?"

"ஆமா சார்." பாராட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

"கட்டறவங்களோட ஆலோசகர் பிடிச்சுக்கிட்டார். துளைக்குறிப்புல ஆத்து வண்டல், லேப்ல கடல் ஓடு. ரெண்டுல ஒண்ணு பொய்ங்கறார். கடல்களின்னா சுவர் டிசைனே மாறும்."

"ரெண்டும் உண்மையா இருக்கலாம் சார். கடல் அதுவரைக்கும் வந்திருந்தா..."

"அப்படி அவர் யோசிக்கல." சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த வாரம் இதே குழு காலாங்லயும் துளை போட்டிருக்கு. லிட்டில் இந்தியாவுல அன்னைக்கு மழை. துளையை முடிக்காம, லாரியில மிச்சம் இருந்த காலாங் டியூப் மேல இந்த இடத்து பேரை எழுதி அனுப்பிட்டாங்களான்னு கேக்கறார். எழுத்துல கேட்டிருக்கார். நான் எழுத்துல பதில் சொல்லணும்."

அண்ணனின் வேலை அனுமதி அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. அது எனக்கும் தெரியும், ஊருக்குப் போய்வர விடுப்பு கேட்டதைப் பற்றி அவரே சொல்லியிருந்தார். போடாத துளைக்குக் குழாய் அனுப்பினார் என்று ஒரு காகிதத்தில் வந்துவிட்டால் யாரும் புதுப்பிக்க மாட்டார்கள். வேறு கம்பெனியும் எடுக்காது.

அப்போதாவது என் மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் ஓடுகளை நான் அவ்வளவு நம்பினேன்.

வெள்ளிக்கிழமை அண்ணன் குழாய் இறக்க வந்தார். மேடமும் இல்லை, சிப்பியும் இல்லை. பெட்டிகளை அடுக்கிவிட்டுக் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்.

"அண்ணே, அந்த லிட்டில் இந்தியா குழாய்..."

"சொல்லுங்க."

"எழுதும்போது மாறியிருக்க வாய்ப்பு இருக்கா? மழைன்னு சொன்னாங்க..."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துவட்டினார். நிதானமாகத்தான் பேசினார்.

"மழையிலதான் போட்டேன். தார்ப்பாய் கட்டி, பக்கத்துக் கடைக்காரன்கிட்ட திட்டு வாங்கிட்டுப் போட்டேன். நாலரை மீட்டர்ல கறுப்பு மண்ணு, இலை மக்கின வாடை. காலாங் வாடை வேற, இது வேற. பொறந்ததுலேர்ந்து கடல் சேத்துல நடந்தவன், எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"இல்ல அண்ணே, நான் கண்ணால பாத்தேன், இருபத்து மூணு..."

"என் எழுத்தை கேக்கறாங்க, என் லாரியை கேக்கறாங்க, என் கூட வேலை செய்யற பசங்களைத் தனித்தனியா கூப்பிட்டுக் கேக்கறாங்க. உங்க சல்லடையை யாராச்சும் கேட்டாங்களா மேடம்?"

தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். குத்திக்காட்டத்தான் சொன்னார், வேறொன்றும் இல்லை. அவருக்குச் சல்லடையைப் பற்றி எதுவும் தெரியாது. நான் திரும்பித் தொட்டியில் கிடந்த சல்லடையைப் பார்த்தேன்.

அந்த வாரத்து வேலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். லிட்டில் இந்தியா மண்ணைக் கழுவிய அதே நாள் காலையில் காலாங், மூன்று குழாய். மதியம் லிட்டில் இந்தியா. சல்லடை ஒன்றுதான். அறுபத்து மூன்று மைக்ரான் கண்ணுள்ள சல்லடை எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. நடுவில் நான் அதைக் குழாயடியில் காட்டிக் கழுவினேன், எல்லாரும் கழுவுகிற மாதிரி. எடை போடுகிற வேலைக்கு அது போதும். சல்லடைக் கண்ணில் நாலு துகள் சிக்கி நின்றால் எடையில் எதுவும் தெரியாது. துகளையே எண்ணுகிறவளுக்கு?

சனிக்கிழமை அரை நாள். எல்லாரும் போன பிறகு சல்லடையைக் கழுவினேன், வழக்கம்போல. கண்ணுக்குச் சுத்தம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பட்டுத்துணி மாதிரி பளபளப்பு. பிறகு அதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினேன். விளிம்பில் விரலால் தட்டினேன். மறுபடி பீய்ச்சினேன். கிண்ணத்தில் சேர்ந்ததைக் காயவைத்து, தட்டில் கொட்டி, உட்கார்ந்தேன்.

பதினொன்று.

கழுவிய சல்லடையில் பதினொரு ஓடு. எல்லாம் பொடிசு, கண்ணில் சரியாகச் சிக்கும் அளவு. அட்டையில் ஒட்டி வைத்திருந்த என் இருபத்து மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவையும் அதே அளவு. முன்பே பார்த்திருக்கலாம். காலாங் மாதிரியில் பெரிதும் சிறிதும் கலந்து இருந்தது. லிட்டில் இந்தியாவில் பெரியது ஒன்றுகூட இல்லை. நான் அதற்கு ஒரு விளக்கம்கூட வைத்திருந்தேன்: கரையோரம், தண்ணீர் ஆழம் குறைவு, அதனால் சிறியவை மட்டும் வந்திருக்கின்றன என்று. நோட்டுப் புத்தகத்தில் அழகாக எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று நான் கழுவிய மண் கறுப்பு. தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடியது. மக்கிய இலை நகத்தில் ஒட்டியது. என் கைக்குத் தெரிந்ததை நான் எழுதவில்லை.

அழுகை வரும் என்று பார்த்தேன், அதற்கும் சோம்பல். இருபத்து மூன்றில் எத்தனை அந்தச் சந்தின் அடியிலிருந்து வந்தவை, எத்தனை காலாங்கிலிருந்து என் சல்லடையில் ஏறி வந்தவை? எல்லாமே அந்தச் சந்துடையதாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஓட்டின் மேல் ஊர் எழுதியிருக்காது. இரண்டு மாதம் மதியச் சாப்பாட்டை விழுங்கி விழுங்கிச் சேர்த்த எல்லா அட்டைகளும் இதே சல்லடை வழியாக வந்தவைதான். நாற்பது அட்டை. ஒவ்வொன்றாக எடுத்து, மூலையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படித்தேன். ஃபோராம் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எனக்கு மட்டும் தெரியாமல் போனது. ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் சல்லடையை மெத்திலீன் நீலச் சாயத்தில் முக்கி எடுப்பார்களாம். முந்தின மாதிரியிலிருந்து சிக்கியிருக்கும் ஓடு நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் அது வந்து விழுந்தாலும் நீலத்தைப் பார்த்தவுடன் ஒதுக்கிவிடலாம். இவ்வளவுதான். ஒரு பாட்டில் சாயம்.

திங்கட்கிழமை சாரிடம் போய்ச் சொன்னேன். பதினொன்றையும் கிண்ணத்தோடு கொண்டுபோயிருந்தேன். அவர் கிண்ணத்துக்குள் பார்த்தார், அவர் கண்ணுக்கு அது காலி.

"ரிமார்க்ஸ் கட்டம் உங்க டைரி இல்லம்மா."

"தெரியுது சார். நானே எழுத்துல கொடுக்கறேன். தப்பு என் சல்லடையிலன்னு."

"சல்லடையிலன்னு உறுதியா தெரியுமா?"

"இருக்கலாம் சார்."

"இருக்கலாம்னுதான சொல்றீங்க. அவர் அதை எப்படி எடுத்துப்பார்? லேப்காரங்க ஆளைக் காப்பாத்தறாங்கன்னு. டியூப்பே வேற இடத்துதுன்னு அவர் சொன்னதுக்கு இது பதில் இல்லையே." குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "மண்ணோட நிறமாவது எழுதியிருக்கீங்களான்னு பாத்தேன். கோடு போட்டிருக்கீங்க."

"மிச்சப் பாதி இருக்கு சார். மெழுகு உடைக்காம ஸ்டோர்ல இருக்கு. கறுப்பாதான் இருக்கும்."

"காலாங்லயும் மேலடுக்குல கறுப்பு மண்ணு வந்திருக்கு. நிறத்தை வைச்சு ஒத்துக்க மாட்டார்."

அப்போது ஒரு வழி தோன்றியது. மிச்சப் பாதியை நான் மறுபடி கழுவ வேண்டும். சாயம் முக்கிய சல்லடையில், சார் பார்க்க, அண்ணன் பார்க்க, ஆலோசகர் வந்தால் அவரும் பார்க்க. சொல்லச் சொல்லத்தான் அதன் மறுபக்கம் எனக்கே புரிந்தது. கழுவிய பிறகு தட்டில் நீலம் மட்டும் இருந்தால் குற்றம் என் சல்லடையுடையது, அண்ணன் தப்பித்தார். ஒன்றுமே இல்லாவிட்டாலும் தப்பித்தார். சாயம் படாத வெள்ளை ஓடு காலாங்கில் போலக் கூட்டமாக வந்தால்?

"வந்தா அவர் சொன்னது சரின்னு ஆயிடும்," என்றார் சார்.

"இன்னொண்ணும் வரலாம் சார். சதுப்பு ஓரத்துல வாழற ஃபோராம் சுண்ணாம்புல ஓடு கட்டாது. சுத்தி இருக்கற மணல் துகளைப் பொறுக்கி ஒட்டி ஒட்டிக் கட்டும். பழுப்பா இருக்கும், வெல்லத் தூள் மாதிரி. காலாங் குழாய் எதுலயும் அதை நான் பாக்கல, எல்லாம் வெள்ளை. பழுப்பு மட்டும் வந்தா அது காலாங் மண்ணு இல்ல. கடல் அந்தச் சந்து வரைக்கும் எட்டிப் பாத்ததும் உண்மை, அண்ணன் எழுதினதும் உண்மை."

சார் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "இப்பவும் அந்தக் கடலை விட மாட்டேங்கறீங்க."

வியாழக்கிழமை காலை பத்து மணி என்று நாள் குறித்தார்.

சாயம் எங்கே கிடைக்கும் என்று தேடினால், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஆங் மோ கியோவில் அலங்கார மீன் விற்கிற கடையில் கிடைத்தது. மீன் உடம்பில் வெள்ளைப்புள்ளி வந்தால் தண்ணீரில் அதை ஊற்றுவார்கள். கடைக்காரப் பெரியவர் பாட்டிலை எடுக்கும் முன், "உன் மீன் எவ்வளவு பெரிசு?" என்று கைச்சாடையில் கேட்டார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஒட்டவைத்துக் காட்டினேன். அவர் பரிதாபமாகத் தலையாட்டி, சின்ன பாட்டிலாகக் கொடுத்தார்.

புதன்கிழமை மதியம் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போனேன். அண்ணன் குழு அந்த வாரம் பக்கத்துத் தெருவில் இன்னொரு இடத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தது. தடுப்புக்கு வெளியே நிழலில் மூன்று பேர் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மற்ற இருவரும் எழுந்து தள்ளிப் போனார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பதினொன்று, நீலம், வெள்ளை, பழுப்பு. மன்னிப்பும் கேட்டேன், அது வார்த்தையாகச் சரியாக வந்ததா தெரியவில்லை. கேட்டுக்கொண்டே அவர் சாம்பார் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அது அவிழவில்லை, பல்லால் கடித்தார்.

"அப்ப உங்க சல்லடைதான்."

"இருக்கலாம் அண்ணே. நாளைக்குத் தெரியும்."

"இருக்கலாம்." சிரித்தார், ஆனால் அதில் சிரிப்பு இல்லை. "எழுதும்போது அடிக்கோடு போட்டு 'உள்ளன'. இப்ப 'இருக்கலாம்'."

வெயில் முகத்தில் அடித்தது. இரண்டு நாளாக நான் சரியாகத் தூங்கவில்லை, அவரும் தூங்கியிருக்க மாட்டார் என்று கண் சொன்னது.

"நாளைக்கு நான் வரணுமா?"

"நீங்க பாக்கறது நல்லது அண்ணே. மெழுகு உடைக்காம இருக்கறதை நீங்களே பாத்து சொல்லணும்."

"துளை போடற ரிக்கை யார் பாக்கறது?" என்றார். பிறகு தானே, "காலையில பசங்க பாத்துப்பானுங்க" என்றார். இரண்டு வாய் சாப்பிட்டார். "ஒண்ணும் வரலன்னா நான் உங்களுக்கு பரோட்டா வாங்கித் தரேன். வெள்ளையா வந்துச்சுன்னா நீங்க எனக்கு மதுரைக்கு டிக்கெட் போட்டுக் குடுங்க. ஒன்வே."

"பழுப்பா வந்தா?"

"பழுப்பா வந்தா..." கையை உதறினார். "அதை நீங்களே வைச்சுக்குங்க மேடம். எனக்கு எதுக்கு?"

திரும்பி நடக்கும்போது காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் நடக்க முயன்றேன். முடியவில்லை. இரண்டு மாதமாக இந்தத் தெருவுக்கு அடியில் கடல் வேண்டும் வேண்டும் என்று இருந்தவள் நான். இப்போதோ தட்டு காலியாக வரட்டும் என்று மனசு கேட்கிறது, அதே மூச்சில் ஒரு பழுப்பாவது வரட்டும் என்றும் கேட்கிறது. எதை விரும்பினாலும் தட்டில் இருப்பது மாறாது என்று தெரியும். தெரிந்தாலும் கண் விரும்புவதைத்தான் முதலில் பார்க்கும் என்பதை என் ஒன்பதாவது கட்டம் எனக்குக் காட்டிவிட்டது. அதனால் நாளை முதல் பார்வை என்னுடையதாக இருக்கக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

நாளை பத்து மணிக்கு இப்படிச் செய்யப் போகிறேன். குழாயின் மெழுகை அண்ணன் உடைப்பார். மண்ணின் நிறத்தையும் வாசனையையும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், எந்தக் கட்டத்திலும் கோடு இழுக்காமல். சல்லடையை இரண்டு பக்கமும் கழுவி, சாயத்தில் முக்கி, ஈரத்தோடு எடுத்து வெளிச்சத்தில் எல்லாருக்கும் காட்டுவேன். முதலில் மண் இல்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றி, அதில் விழுவதைத் தனியாக வைப்பேன். அதற்குப் பிறகுதான் மண். தண்ணீர் தெளிய முக்கால் மணி நேரம் ஆகும், உலர இன்னும் ஒரு மணி. தட்டில் கொட்டியதும் நான் எழுந்து சார் உட்கார இடம் விடுவேன். நீலம், வெள்ளை, பழுப்பு என்று மூன்று நிறம்தான், அதைச் சொல்ல படிப்பு வேண்டாம். அவர் முதல் கட்டத்திலிருந்து தொடங்கட்டும். அவர் சொல்கிற நிறத்தை அப்படியே எழுதிவிட்டு, கடைசியாக நான் பார்க்கிறேன்.